பயந்தாங்கொள்ளிக்கு இங்கிலீஷில் ஒரு சொல்

என் சம்மந்தியம்மா வளர்மதிக்கு,

ஒன்பது வருஷம் கழித்து உன்னை இப்படிக் கூப்பிடுகிறேன். நீ இருக்கும்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "போடி, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா" என்று திட்ட நீ இல்லை என்கிற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

முதலில் செய்திகள். உன் கருமாதி நல்லபடியாக முடிந்தது. உன் மகன் திருப்பூரிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு வந்து எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தான். மொட்டைத் தலையோடு பார்த்தால் உன் அண்ணன் முகம் அப்படியே இருக்கிறது. மணலூர்பேட்டையிலிருந்து உன் சொந்தபந்தம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது. சாம்பாரில் உப்பு கம்மி. நீ இருந்திருந்தால் ருசி பார்த்துச் சொல்லியிருப்பாய்.

உன் ஏழு ஊரையும் எனக்குக் கூடுதல் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் உன் பையும் உன் தராசும் இப்போது என் தோளில்தான். வெள்ளிமலை பஸ்ஸை விட்டு இறங்கி நாலு ஊர் நடப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. எப்படித்தான் இத்தனை வருஷம் சுமந்தாயோ.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு பேரும் கல்வராயன் மலையில் கிராம நர்ஸ்கள். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். எனக்குப் பெண்ணும் உனக்குப் பிள்ளையும் ஒரே வருஷத்தில் பிறந்தார்கள். அப்போதே நீ என்னைச் சம்மந்தியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய். "வாங்க சம்மந்தியம்மா, சீர் இன்னா செய்வீங்க?" என்று பஸ்ஸில் எல்லார் எதிரிலும் கேட்பாய். நானும் விடாமல், "மொதல்ல உம் புள்ள மூக்கைச் சிந்தக் கத்துக்கட்டும்" என்பேன். கருமாதி வீட்டில் என் கயலும் உன் மகனும் ரொம்ப நேரம் நின்று பேசினார்கள். என்னடி பேச்சு என்று கேட்டேன். செல்போன் சார்ஜர் கேட்டானாம். அவ்வளவுதான் நம் சம்பந்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் சுகாதார நிலையத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். புது டாக்டர், அந்தச் சின்னப் பெண், உன் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு இங்கிலீஷில் பேசினாள். "ஷீ வாஸ் வெரி மெட்டிகுலஸ்" என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அர்த்தம் யாருக்குத் தெரியும்? செத்தவளைப் பற்றித் தப்பாகவா சொல்லப்போகிறார்கள் என்று ஆட்டினோம்.

ஆனாலும் அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் கயலிடம் கேட்டேன். அவள்தான் கள்ளக்குறிச்சி காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறாளே. "ரொம்ப நுணுக்கமா, ஒரு புள்ளி தப்பாம வேலை செய்யறவங்களச் சொல்றதும்மா" என்றாள். நல்ல சொல்தான், பொருத்தமான சொல்தான் என்று தட்டில் சோற்றைப் போட்டேன். அவள் விடவில்லை. போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"யம்மா, இதுக்கு மொதல்ல வேற அர்த்தம் தெரியுமா? லத்தீன்ல மேட்டுஸ்னா பயம். அதுலருந்து வந்ததுதான் இது. பல நூறு வருஷத்துக்கு முன்ன இங்கிலீஷ்ல மெட்டிகுலஸ்னா பயந்தாங்கொள்ளின்னு அர்த்தமாம்."

சோற்றுக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் அவள் விவரமாகச் சொன்னாள். அந்தச் சொல் பயந்தவனைக் குறித்துவிட்டு, நடுவில் சொல்ல ஆளே இல்லாமல் வழக்கொழிந்து போயிருந்ததாம். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பக்கமிருந்து மறுபடி வந்து, சின்னச் சின்னதுக்கெல்லாம் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறவன் என்று ஆனதாம். அப்போதும் அது திட்டுதான். போகப் போகத்தான் பாராட்டாக மாறியதாம். பயம் எங்கே போச்சு என்று கேட்டேன். "யாருக்கும் ஞாபகம் இல்லம்மா, டிக்ஷனரிக்குத்தான் ஞாபகம்" என்றாள். அதே போல அக்யுரேட் என்கிற சொல்லைத் தோண்டினால் அக்கறை வருகிறதாம். நம் துல்லியத்துக்குள் துலாக்கோல் இருக்கிறது என்று அவளுடைய தமிழ் சார் சொல்லியிருக்கிறாராம். தராசு, அக்கறை, பயம். மூன்றையும் கேட்டால் எனக்கு உன்னைத் தவிர வேறு யார் முகம் வரும்?

உனக்குத் தெரியும் நான் ஏன் சாப்பிடாமல் எழுந்தேன் என்று. உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊர் பார்க்கச் சொன்னவள் நான் ஒருத்திதான்.

அந்த மாதாந்திரக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் ரெஜிஸ்டரில் எடை குறைந்த குழந்தைகள் ஜாஸ்தி. என் ரெஜிஸ்டரில் வரிசையாக ரெண்டரை, ரெண்டரை, ரெண்டரை. பிறந்த எடை ரெண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் குழந்தையை டாக்டரிடம் காட்டக் கீழே கூட்டி வர வேண்டும் என்பது நம் வழக்கம். கீழே என்றால் சும்மாவா? வீட்டில் இன்னொரு பிள்ளை அழும், காட்டில் சாமை விளைந்து நிற்கும், புருஷன்காரன் முறைப்பான். அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ரெண்டு நானூறு காட்டினால் நான் ரெண்டரை என்று எழுதிவிடுவேன். நான் சோம்பேறித்தனத்தால் எழுதவில்லை. இரக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய அதிகாரி உன்னை எழுப்பி, "கஸ்தூரி ஏரியாவுல ஒண்ணுகூட இல்ல, உன் ஏரியாவுல மட்டும் எப்படிம்மா?" என்று கேட்டார். நீ அசையாமல், "அவங்க தராசு ரெண்டரையில துருப்பிடிச்சி நின்னுகினு இருக்குது சார்" என்றாய். கூட்டமே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"நீ பயந்தாங்கொள்ளிடி! நூறு கிராம் கம்மியானா உனக்குக் கை நடுங்குது. உன் பயத்துக்கு நாங்க எல்லாரும் ஆடணுமா?" என்று கத்தினேன்.

நீ சண்டைக்கு வருவாய் என்று பார்த்தேன். "ஆமாண்டி, பயந்தாங்கொள்ளிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் பஸ்ஸில் என்னைப் பார்த்து, "வணக்கம் கஸ்தூரி சிஸ்டர்" என்றாய். அதோடு சரி. ஒன்பது வருஷம் சிஸ்டர், சிஸ்டர் என்றே ஓட்டிவிட்டாய். நானும் வீம்புக்கு வளர்மதி சிஸ்டர் என்றேன். ஒரு வார்த்தை, தப்புடி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பார்க்க வந்தேன். நான் வந்து சேர்வதற்குள் உன்னை மூடிவிட்டார்கள்.

இப்போது உன் பையில் இருக்கும் இரும்புத் துண்டுக்கு வருகிறேன். தினம் காலையில் ஊருக்குக் கிளம்பும் முன் பையிலிருந்து ஒரு உடைந்த கோடாலித் துண்டை எடுத்துத் தராசில் தொங்கவிட்டு, முள்ளை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நீ புறப்படுவாய். "இன்னாடி, ஆயுதபூஜை தினம் நடக்குது?" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கேயோ பொறுக்கியது என்று நினைத்திருந்தேன். உன் வீட்டுக்காரர் பையை என்னிடம் கொடுத்தபோது அந்தத் துண்டைத் தனியாக எடுத்துக் கையில் வைத்தார்.

"இதை மட்டும் தொலைச்சிடாதம்மா. இது அலமேலு வூட்டு இரும்பு" என்றார். அப்புறம், நீ அவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததைச் சொன்னார்.

நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழி. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அலமேலுவுக்குத் தலைப்பிள்ளை. பிறந்த குழந்தை வாசல் தாண்டினால் கூடவே இரும்பு வர வேண்டும், இல்லாவிட்டால் காத்துக் கருப்பு அண்டிவிடும் என்பது மலையிலும் உண்டு, நம் கீழ்நாட்டிலும் உண்டு. என் அம்மா கயலுக்குத் தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தாளே. நீ தராசை வாசலுக்கு வெளியே பலாமரக் கிளையில் கட்டியிருந்தாய். பழைய புடவையில் நாலு சுற்றுச் சுற்றிக் குழந்தையைக் கொண்டு வந்தார்கள். குளிராயிற்றே என்று நீ அவிழ்க்கவில்லை. முள் ரெண்டு அறுநூறில் நின்றது. துணிக்கு நூறு கழித்து ரெண்டரை என்று எழுதினாய். நல்ல எடை, பயம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாய்.

எட்டாம் நாள் குழந்தை குளிர்ந்து போய்விட்டது. நீ துக்கம் கேட்கப் போனபோது அந்தப் புடவை வேலி ஓரம் கிடந்தது. முடிச்சு ஒன்று கனமாக இருந்தது. உள்ளே இந்தக் கோடாலித் துண்டு. யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் நிறுத்துப் பார்த்தாய். முந்நூற்றைம்பது. ரெண்டரையில் அதைக் கழித்தால் ரெண்டு கிலோ நூற்றைம்பது. அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே அந்தக் குழந்தையைக் கீழே கூட்டி வந்திருப்பாய்.

இதைச் சொல்லிவிட்டு உன் வீட்டுக்காரர், "அவளுக்கு அதான்மா பயம்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். தியாகதுருகம் பஸ் இரண்டை விட்டுவிட்டேன்.

ஏண்டி, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் கூட்டத்தில் கத்தினேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் என் வாயை நான் மூடியிருப்பேன். நான் சொன்னது சரிதான் என்று நம்பி அந்த வார்த்தையை வாங்கி வைத்துக்கொண்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இதற்காகத்தான் கடிதமே. போன வாரம் மலையில் நல்ல மழை. ரோட்டில் மரம் சாய்ந்து வண்டி போகவில்லை. அலமேலுவின் மகள் சுதா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள். விடியும் போதே வலி வந்து, வீட்டிலேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. போன் வந்ததும் நான் சேற்றில் நடந்து போய்ச் சேரும்போது ஒன்பது மணி இருக்கும்.

அலமேலு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். "வளர்மதியம்மா பையி" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போனால் எனக்கு வேலையே இல்லை. சுதா கையில் ஒரு பழைய சாவிக்கொத்து இருந்தது. குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அலமேலுவே தளர்த்தி வைத்திருந்தாள். "இரும்பு அம்மா கையில இருக்கட்டும், புள்ள தராசுல இருக்கட்டும்னு வளர்மதியம்மா சொல்லிக் குடுத்ததுங்க" என்றாள். நீ ஒருவரையும் மூடநம்பிக்கை என்று ஏசவில்லை, இரும்பைத் தூக்கி எறியவும் இல்லை. இருக்கிற இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறாய். எனக்கு இது தோன்றியிருக்குமா? நானாக இருந்தால் லெக்சர் அடித்திருப்பேன்.

தராசைக் கட்டினேன். உன் வழக்கப்படி முதலில் அந்தக் கோடாலித் துண்டை எடுத்து மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் அலமேலு இரும்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அது எங்க வூட்டுக் கோடாலி" என்றாள்.

சமாளிக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. "ஆமாம்மா. உங்க மொதப் புள்ளையோட துணியில இருந்தது. வளர்மதி எடுத்து வச்சிருந்தா. உங்ககிட்ட சொல்ல அவளுக்குப் பயம்" என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அலமேலு. "முடிஞ்சவளே நான்தானுங்களே. சொன்னா அவுத்துடச் சொல்லுவாங்களோன்னு பயந்துகினு உள்மடிப்புல வச்சி சுத்தினேன். அவங்க ரெண்டரைன்னதும் எனக்குச் சந்தோஷம்தான், கீழ போவ வேணாமேன்னு. அப்பால புள்ள போயிடுச்சி. வேலியில போட்ட துணியில இரும்பக் காணோம். எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா இத்தினி வருஷமா அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? வருஷா வருஷம் மார்கழியில வருவாங்க. சுக்குத் தண்ணி போட்டுக் குடுப்பேன். குடிச்சிட்டு, எல்லாம் சவுக்கியமா அலமேலுன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. நான் வாயத் தொறந்தா, நீ மறைச்சதாலதாண்டி புள்ள போச்சுன்னு சொல்லிடுவாங்களோன்னு எனக்குப் பயம்."

கேட்டாயா வளர்மதி? நீ அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தாய், அவள் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். நடுவில் சுக்குத் தண்ணி ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கை நீட்டினாள். தராசிலிருந்து இரும்பைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "இம்மாத்துண்டுதானா இருந்திச்சி" என்றாள். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "அவங்க பையிலயே இருக்கட்டும்" என்றாள். அவளுக்கு உன் மேல் கோபமே இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இதை உன்னிடம் எப்படியாவது சேர்க்க வேண்டும் என்றுதான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையை நிறுத்தேன். துணி போக ரெண்டு கிலோ நானூற்று எண்பது. இருபது கிராம்தான் கம்மி. சுதாவின் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டரைன்னு போட்டுடுங்க நர்ஸம்மா, ஒரு துளிதானே. சாமை அறுப்பு கெடக்குது" என்றான். பேனாவை எடுத்தேன். இந்தக் கை எத்தனை வருஷமாக ரெண்டரை எழுதிப் பழகிய கை! ரெண்டு என்று போட்டுப் புள்ளி வைத்ததும் விரல் நடுங்கியது. வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்கு இப்படி நடுங்கியதில்லை. என் ரெஜிஸ்டரில் இருக்கிற ரெண்டரை எல்லாம் ஞாபகம் வந்தது. அவற்றில் எத்தனை துணியில் எத்தனை முடிச்சு இருந்ததோ, நான் தடவிக்கூடப் பார்த்ததில்லை. 2.480 என்று எழுதினேன்.

மத்தியானம் மரத்தை வெட்டி வழி விட்டார்கள். குழந்தையைச் சுதாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி ஜீப்பில் கீழே கூட்டி வந்தேன். வழி நெடுக சுதாவின் புருஷன் என்னை வறுத்தெடுத்தான். "இருவது கிராமுக்கு இம்மாந்தூரமா? மளிகைக் கடையிலகூட இதெல்லாம் பாக்க மாட்டாங்க." அலமேலுதான், "செத்த சும்மா வாங்க மாப்ள" என்று அடக்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு, நன்றாகப் பால் குடிக்கிறான், ஒன்றும் இல்லை, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றினேன் என்று பீற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. அனாவசியமாக அலைய வைத்தவள் என்ற பெயர்தான் மிச்சம்.

இருபத்து நாலு வருஷம் நீ இந்தப் பார்வையைத்தான் வாங்கிக்கொண்டிருந்தாயா? ஒவ்வொரு ஜீப்பிலும்? அதற்கு மேல் என்னிடமும் வாங்கினாய்.

தப்புடி வளர்மதி. நான் சொன்னது தப்பு. வார்த்தை தப்பில்லை, நீ பயந்தவள்தான், இங்கிலீஷ்காரனே சாட்சி. அதை வசவாகச் சொன்னேனே, அது தப்பு. மன்னித்துவிடு.

என்னால் பழைய ரெண்டரைகளைத் திருத்த முடியாது. இனி என் தராசில் ஏறுகிற குழந்தையின் துணியை அவிழ்க்காமல் ஒரு எண்ணும் எழுத மாட்டேன். எவன் வேண்டுமானாலும் ஜீப்பில் திட்டிக்கொண்டு வரட்டும். வருகிற மார்கழியில் அலமேலு வீட்டுக்கு நான் போவேன். சுக்குத் தண்ணியைக் குடித்துவிட்டு உன்னைப் பற்றி வாய் வலிக்கப் பேசுவேன். இன்று காலையும் கிளம்பும் முன் உன் இரும்பைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். முந்நூற்றைம்பது. சரியாக இருக்கிறது.

பயத்தோடு,
கடைசிவரை சீர் பேசி முடிக்காத உன் சம்மந்தியம்மா,
கஸ்தூரி